கிரேட் க்ளென் பாதையில் கிராவல் சைக்கிள்: ஃபோர்ட் வில்லியமிலிருந்து இன்வெர்னெஸ் வரை முழுமையான வழிகாட்டி

ஸ்காட்லாந்து மலைநாட்டின் மேற்கே இருக்கும் ஃபோர்ட் வில்லியமிலிருந்து வடகிழக்கே இன்வெர்னெஸ் வரை, கிட்டத்தட்ட கோடு போட்ட மாதிரி ஒரு நீளமான பள்ளத்தாக்கு போகிறது. அதற்குள் லோக்கி, ஓய்க், நெஸ் என்று மூன்று ஏரிகள். ஏரியை அங்கே லோக் என்பார்கள். இந்த மூன்றையும் கடலோடும் ஒன்றோடொன்றும் இணைப்பது கேலடோனியன் கால்வாய். கால்வாய்க் கரை, ஏரியோரக் காட்டுச் சாலை, பழைய ரயில் தடம், மலைக்காடு எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போவதுதான் கிரேட் க்ளென் வே. நீளம், எடுக்கும் வழியைப் பொறுத்து, 120 முதல் 125 கி.மீ.

இங்கே கிராவல் சைக்கிளில், அதாவது சரளைப் பாதைக்கேற்ற அகல டயர் சைக்கிளில், முதல்முறை வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். பாதையின் முதல் பாதி ஏறக்குறைய சமதளம். பெரிய ஏற்றங்கள் எல்லாம் பின்பாதியில். வரைபடத்தில் கிலோமீட்டரை மட்டும் பார்த்துத் திட்டம் போட்டவர்கள், ஃபோர்ட் அகஸ்டஸ் தாண்டியதும் திணறுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் திட்டமிடும் வரிசைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். சைக்கிள் ஏறுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட வேண்டும்.

1. முதலில் திசை

ஃபோர்ட் வில்லியமில் தொடங்கி இன்வெர்னெஸில் முடியுங்கள். இந்தப் பக்கம் காற்று அதிக நாட்கள் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. பள்ளத்தாக்கும் அதே திசையில் கிடப்பதால் காற்று உள்ளே புகுந்து குழாய்க்குள் போவதுபோல் நேராக வரும். சரியான திசையில் போனால் முதுகைத் தள்ளிவிடும். எதிர்த்திசையில் போனால் கால்வாய்க் கரையின் சமதளம்கூட ஏற்றம் மாதிரிதான்.

இந்தத் திசையில் ஒரே குறை, கடினமான பகுதி கடைசியில் வருவது. அதை நாள் பிரிப்பதில் சரிசெய்துவிடலாம். எதிர்க்காற்றுக்கு அப்படி ஒரு வழி இல்லை. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு வானிலை முன்னறிவிப்பைப் பாருங்கள். வடகிழக்குக் காற்று நிலையாக இருக்கும் என்று சொன்னால் மட்டும் திசையை மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.

2. மாதம்

மே மாதம்தான் என் முதல் தேர்வு. அடுத்தது செப்டம்பர் பின்பாதி. மே மாதத்தில் பகல் நீளம், காடு பசுமை, மிட்ஜ் என்ற கடிக்கும் குட்டிப் பூச்சிகள் இன்னும் முழுவீச்சில் கிளம்பியிருக்காது. ஜூன், ஜூலையில் இரவு பத்து மணி வாக்கிலும் வெளிச்சம் இருக்கும். ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் மிட்ஜ் கூட்டமும் அதிகம், தங்கும் இடங்களும் நிரம்பியிருக்கும்.

டிசம்பரில் மாலை மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். குளிர்காலத்தில் காட்டுச் சாலையின் நிழலான வளைவுகளில் பனிக்கட்டி உறைந்து கிடக்கும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

3. ரயிலில் சைக்கிளுக்கு இடம்

தங்கும் அறையைப் பதிவு செய்வதற்கு முன்பு ரயிலில் சைக்கிள் இடத்தைப் பிடியுங்கள். வரிசையை மாற்றாதீர்கள். அறை கிடைக்காவிட்டால் பக்கத்தில் இன்னொன்று கிடைக்கும், கூடாரம் போடலாம். ரயிலில் சைக்கிள் கொக்கி நிரம்பிவிட்டால் வேறு வழி இல்லை.

கிளாஸ்கோ க்வீன் ஸ்ட்ரீட்டிலிருந்து ஃபோர்ட் வில்லியமுக்கு மேற்கு மலைநாட்டுப் பாதையில் ரயில் வருகிறது. பயணம் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான், ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. சில சேவைகளில் 20 சைக்கிள் வைக்கும் தனிப்பெட்டி 2021 முதல் இணைக்கப்படுகிறது. பதிவு செய்யும்போது உங்கள் ரயிலில் அது உண்டா என்று பாருங்கள்.

லண்டனிலிருந்து வருகிறவர்களுக்கு யூஸ்டன் நிலையத்திலிருந்து கிளம்பும் இரவு ரயில் வசதி. காலை பத்து மணி வாக்கில் ஃபோர்ட் வில்லியமில் இறக்கிவிடும். சனிக்கிழமை இரவு அது ஓடாது, அதற்கேற்ப நாளைப் பாருங்கள்.

திரும்பும் ரயிலையும் அதே நாளிலேயே பதிவு செய்துவிடுங்கள். போகும் சீட்டு எடுத்துவிட்டு, 'திரும்புவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டவர்கள் இன்வெர்னெஸ் நடைமேடையில் நின்று தவிப்பதை அடிக்கடி பார்க்கலாம். இன்வெர்னெஸிலிருந்து தெற்கே போகும் ரயில்களில் சைக்கிள் இடம் கொஞ்சம்தான்.

4. நாட்களைப் பிரிப்பது

பாதையைக் கிட்டத்தட்ட இப்படிப் பார்க்கலாம்:

ஃபோர்ட் வில்லியம் – கெய்ர்லோக்கி: 17 கி.மீ., சமதளம்.
கெய்ர்லோக்கி – லேகன்: 19 கி.மீ., காட்டுச் சாலை, சின்னச் சின்ன மேடு பள்ளம்.
லேகன் – ஃபோர்ட் அகஸ்டஸ்: 17 கி.மீ., சமதளம்.
ஃபோர்ட் அகஸ்டஸ் – இன்வர்மோரிஸ்டன்: 12 கி.மீ., ஏற்ற இறக்கம்.
இன்வர்மோரிஸ்டன் – ட்ரம்னட்ராகிட்: 23 கி.மீ., செங்குத்தான ஏற்றங்கள்.
ட்ரம்னட்ராகிட் – இன்வெர்னெஸ்: 31 கி.மீ., பாதையின் மிக நீண்ட ஏற்றம்.

மூன்று நாள் எடுக்கிறவர்கள் மொத்தத்தை மூன்றால் வகுத்து, நாளுக்கு நாற்பது சொச்சம் கிலோமீட்டர் என்று வைக்கிறார்கள். அப்படி வைத்தால் முதல் நாள் மதியத்திலேயே லேகன் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவீர்கள். மூன்றாம் நாளில் மலை ஏறவும் வேண்டும், ரயிலையும் பிடிக்க வேண்டும். அதற்குப் பதிலாக முதல் நாளே 53 கி.மீ. ஓட்டி ஃபோர்ட் அகஸ்டஸ் போய்விடுங்கள். இரண்டாம் நாள் 35 கி.மீ. ஓட்டி ட்ரம்னட்ராகிட், மூன்றாம் நாள் 31 கி.மீ. இன்வெர்னெஸ். தூரம் குறைந்துகொண்டே வருகிற மாதிரி தெரியும். ஆனால் கால்கள் உணரும் வேலை மூன்று நாளும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்.

கரடுமுரடான பாதையில் நன்றாகப் பழகியவர்கள் இரண்டே நாளில் முடிக்கலாம், அதே ஃபோர்ட் அகஸ்டஸில் இரவு தங்கி. ஆனால் இரண்டாம் நாள் சும்மா 66 கி.மீ. என்று எண்ணிவிட வேண்டாம். காலை ஏழு மணிக்கு முன் கிளம்பினால்தான் நிதானமாக முடியும்.

இரவு ரயிலில் வந்து பத்து மணிக்கு இறங்குகிறவர்களுக்கும் முதல் நாள் 53 கி.மீ. சாத்தியமே. ரயிலிலிருந்து இறங்கிய உடனே டயர் காற்று, பிரேக் இரண்டையும் பார்த்து, பதினோரு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். ஊரைச் சுற்றிப் பார்க்கும் ஆசையை அன்று அடக்க வேண்டியிருக்கும்.

5. சைக்கிள்

டயர் அகலம் 40 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 45 என்றால் இன்னும் நல்லது. கால்வாய்க் கரைக்கு 35 போதும். அங்கே மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு முழுப் பாதைக்கும் அது போதும் என்று நம்புவதுதான் தவறு. மரம் வெட்டிய பிறகு காட்டுச் சாலையைச் செப்பனிடும்போது உடைகல் கொட்டுவார்கள். கூர்மையான கல், இன்னும் அழுந்தாத கல். மெல்லிய டயர் அதில் பக்கவாட்டில் நழுவும், ஓரம் கிழியும்.

ட்யூப் இல்லாத டயர், உள்ளே ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம், இதுதான் இந்தப் பாதைக்குப் பொருத்தம். 70 கிலோ எடையுள்ளவருக்கு 42 மி.மீ. டயரில் முன்னால் 30, பின்னால் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வாக்கில் தொடங்கிப் பாருங்கள். தார்ச்சாலைப் பழக்கத்தில் 60 வைத்துக்கொண்டு வந்தால் ஒவ்வொரு கல்லும் தூக்கி அடிக்கும். ஏற்றத்தில் பின்சக்கரம் பிடிப்பு இல்லாமல் சுழலும். சுமை அதிகம் என்றால் பின்னால் மட்டும் இரண்டு மூன்று கூட்டுங்கள்.

கியர் விஷயத்தில் தயங்காதீர்கள். மிக இலகுவான கியரில் பின் பல்சக்கரம் முன்னதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும்: முன்னால் 40 பல் என்றால் பின்னால் 42 அல்லது அதற்கு மேல். இன்வர்மோரிஸ்டன் ஏற்றத்தில் சுமையோடு மிதிக்க இது கட்டாயம்.

பிரேக் பேடைக் கழற்றிப் பாருங்கள். ஈரமான மணலும் கல்தூளும் சேர்ந்து அதை அரம் வைத்த மாதிரி தேய்த்துவிடும். பாதி தேய்ந்த பேடோடு கிளம்பினால், மழை நாளில் கடைசி இறக்கத்துக்குள் உலோகம் தெரிய ஆரம்பிக்கும். புதிது போட்டுக்கொண்டு, இன்னொரு ஜோடியைப் பையிலும் வையுங்கள். பேட் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு வடிவம். கிராமத்துக் கடையில் உங்களுடையது கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

மட்கார்டும் பெல்லும் மாட்டுங்கள். பெல் அலங்காரத்துக்கு அல்ல. கால்வாய்க் கரையில் நடப்பவர்கள், நாயோடு வருபவர்கள், மீன் பிடிப்பவர்கள் எல்லாரும் அதே பாதையில்தான் இருப்பார்கள்.

6. பையில் என்ன, எங்கே

கனமானவை சட்டத்தின் நடுவில். லேசானவை சீட்டுக்குப் பின்னால். உடனே வேண்டியவை ஹேண்டில்பார் பக்கம். பின்னால் கனம் ஏற்றினால் செங்குத்து ஏற்றத்தில் முன்சக்கரம் மேலே எழும், சைக்கிள் திசை மாறும்.

மழைச்சட்டை எப்போதும் மேலே இருக்கட்டும். மழை வந்தபின் பையின் அடியில் தேடினால், எடுப்பதற்குள் நனைந்துவிடுவீர்கள். பாதையின் ஃபோர்ட் வில்லியம் பக்கம் இன்வெர்னெஸ் பக்கத்தைவிட மிக அதிகமாக மழை பெய்யும் இடம். முதல் நாள் வெயிலோடு தொடங்கினாலும் சட்டை மேலேயே இருக்கட்டும். மாற்று உடையும் தூங்கும் பையும் நீர்புகா உறைக்குள் தனித்தனியாக.

பழுதுக்கு: இரண்டு ட்யூப் (சீலன்ட் அடைக்காத கிழிசலுக்கு), டயர் ஒட்டும் பட்டை, பம்ப், செயின் இணைப்பு, மழைக்கேற்ற செயின் எண்ணெய், பின்கியரைச் சட்டத்தோடு இணைக்கும் கியர் கொக்கியின் மாற்றுத் துண்டு. சைக்கிள் கடைகள் ஃபோர்ட் வில்லியமிலும் இன்வெர்னெஸிலும் உண்டு. நடுவில் நீங்களேதான் மெக்கானிக்.

வரைபடத்தை ஃபோனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இணையம் இல்லாமலும் திறக்கும்படி. பள்ளத்தாக்கில் பல இடங்களில் சிக்னல் இல்லை. காகித வரைபடம் வேண்டுமென்றால் ஆர்ட்னன்ஸ் சர்வே லேண்ட்ரேஞ்சர் வரிசையில் 41, 34, 26 ஆகிய மூன்றும் முழுப் பாதைக்கும் போதும்.

சாப்பாடு: கெய்ர்லோக்கிக்கும் ஃபோர்ட் அகஸ்டஸுக்கும் நடுவில் கடையை நம்பாதீர்கள். முதல் நாளுக்கான உணவை ஃபோர்ட் வில்லியமிலேயே வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். எங்கள் கூட்டத்தில் புளியோதரைதான் வழக்கம். குளிர்ந்தாலும் கெடாது, உப்பும் உண்டு, மாவுச்சத்தும் உண்டு. கடையில் விற்கும் இனிப்புப் பட்டைகளைவிட வயிறு தாங்கும்.

7. ஃபோர்ட் வில்லியம் – கெய்ர்லோக்கி

ஊரை விட்டு வெளியேறும் சில கிலோமீட்டர்தான் இங்கே குழப்பம். வீட்டு மனைகளுக்கும் கரைக்கும் நடுவே பாதை திரும்பித் திரும்பிப் போகும். முட்செடிப்பூ அடையாளம் போட்ட கம்பங்களைக் கவனித்துப் போங்கள். கால்வாயை அடைந்து பானவிக்கு வந்ததும் எட்டு லாக் அடுக்கடுக்காக ஏறும். லாக் என்பது தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் மதகு அறை. இந்த எட்டும் சேர்ந்து படகுகளைச் சுமார் 20 மீட்டர் உயர்த்துகின்றன.

இங்கே இறங்கித் தள்ளுங்கள் அல்லது மிக மெதுவாகப் போங்கள். வேடிக்கை பார்க்கும் கூட்டம் எப்போதும் இருக்கும். படகு வந்தால் ரயில் பாலமும் சாலைப் பாலமும் திரும்பி வழியை அடைக்கும், காத்திருக்க வேண்டியதுதான். லாக் கதவுகளின் மேலே உள்ள நடைபலகையில் ஒருபோதும் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஈர மரம் வழுக்கும், கீழே ஆழமான தண்ணீர், சுவர்கள் செங்குத்து.

அதற்குப் பிறகு கெய்ர்லோக்கி வரை அகலமான, நன்றாக இறுகிய கரைப் பாதை. பின்காற்றும் சேர்ந்தால் சைக்கிள் பறக்கும். வேகமாகப் போகலாமே என்று இங்கே சக்தியைச் செலவழிக்காதீர்கள். பேசினால் மூச்சு வாங்காத வேகத்திலேயே போங்கள். அவ்வப்போது நின்று திரும்பிப் பாருங்கள். முகில் இல்லாவிட்டால் 1345 மீட்டர் பென் நெவிஸ் முழுசாக முதுகுக்குப் பின்னால் நிற்கும். முன்னால் மட்டும் பார்த்து ஓட்டுகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள்.

8. கெய்ர்லோக்கி – லேகன்

கெய்ர்லோக்கியில் பாலத்தைக் கடந்ததும் நடைபாதை ஏரியோர மரங்களுக்குள் நுழையும். அது குறுகலானது, வேர்கள் நிறைந்தது, நடப்பவர்களுக்கானது. நீங்கள் பி8005 சிறு சாலையில் க்ளூன்ஸ் வரை போங்கள். வண்டி அதிகம் வராத சாலை.

க்ளூன்ஸில் காட்டுச் சாலை தொடங்கும். இடது பக்கம் மலைச்சரிவு, வலது பக்கம் மரங்களுக்கு இடையே லோக் லோக்கி. கிராவல் சைக்கிளுக்கு இந்தப் பாதையிலேயே மிகப் பொருத்தமான பகுதி இதுதான். இங்கே கற்றுக்கொள்ள வேண்டியது, சாலையில் எந்தக் கோட்டில் ஓட்டுவது என்பது. லாரிச் சக்கரம் அழுத்திய இரண்டு தடங்கள் இருக்கும். அவற்றில் ஒன்றிலேயே போங்கள். நடுவில் உள்ள மேட்டில் கல் தளர்ந்து கிடக்கும், வெளி ஓரத்தில் இன்னும் மோசம். ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் வேகத்தைக் குறைத்து நேராக, உடலை இறுக்காமல் கடந்து போங்கள், வளைவில் மாறாதீர்கள். இறக்கத்தில் முன் பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிட வேண்டும். வளைந்துகொண்டே பிடித்தால் முன்சக்கரம் கல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

மழைக்குப் பின் தேங்கும் குட்டைகளைச் சுற்றிப் போங்கள். கரிச்சேறு கலந்த தண்ணீர் கருமையாக இருப்பதால் அடி தெரியாது. இரண்டு விரல் ஆழமும் ஒரு முழ ஆழமும் மேலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும்.

மரம் வெட்டும் வேலை நடக்கும்போது பாதையை மூடி மாற்றுவழி போடுவார்கள். கிளம்பும் முந்தின நாள், காடுகளைப் பராமரிக்கும் ஃபாரஸ்ட்ரி அண்ட் லேண்ட் ஸ்காட்லாந்து அறிவிப்பைப் பாருங்கள். 'ஞாயிற்றுக்கிழமைதானே, ஆள் இருக்க மாட்டார்கள்' என்று தடுப்பைத் தாண்டிப் போவது ஆபத்து. பாதி அறுத்த மரமும் அடுக்கிய தடிகளும் ஆள் இல்லாதபோதும் சரியும். தடி அடுக்கின்மேல் உட்கார்ந்து இளைப்பாறவும் கூடாது, அதே காரணம்தான். தடி ஏற்றிய லாரி எதிரே வந்தால் ஓரமாக இறங்கி நின்று, ஓட்டுநர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகே நகருங்கள்.

9. லேகன் – ஃபோர்ட் அகஸ்டஸ்

லேகன் லாக்கைத் தாண்டியதும் இருபுறமும் மரங்கள் கவிந்த கால்வாய்க் கரை. அதன் முடிவில் ஏ82 நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். கடப்பது மட்டும்தான், அதில் ஓட்டுவது வேண்டாம். குறுகலான சாலை, சுற்றுலா வண்டிகள், லாரிகள், ஓரத்தில் ஒதுங்க இடமில்லை. வழி சுலபம் என்று நெஸ் ஏரிக் கரையில் அந்தச் சாலையிலேயே போகிறவர்கள் உண்டு. இந்த வழிகாட்டி முழுக்க அதைத் தவிர்க்கத்தான்.

அப்புறம் லோக் ஓய்க்கின் கிழக்குக் கரை. 1903-ல் திறந்து 1946-ல் முழுதாக மூடப்பட்ட ரயில் பாதையின் தடம் இங்கே வருகிறது. ரயில் ஓடிய தடம் என்பதால் சரிவு மென்மை. ஈர இலைகள் மேல் மட்டும் கவனம்.

அபர்சால்டரில் திரும்பவும் ஏ82-ஐக் கடந்து கால்வாய்க் கரைக்கு வந்துவிடுவீர்கள். ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் ஓய்க் ஆறு, நடுவில் பாதை. கைட்ரா லாக் அருகே உட்கார்ந்து சாப்பிட நல்ல இடம். ஃபோர்ட் அகஸ்டஸில் ஐந்து லாக் இறங்கி நெஸ் ஏரியைத் தொடும்.

அன்று மாலையே சைக்கிளைப் பாருங்கள். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், பேடின் தடிமனைப் பாருங்கள், பையின் பட்டைகளை இறுக்குங்கள். மறுநாள் காலை செய்யலாம் என்று விட்டால் ஏற்றம் தொடங்கிய பிறகுதான் கியர் சத்தம் காதில் விழும்.

10. ஃபோர்ட் அகஸ்டஸில் எடுக்க வேண்டிய முடிவு

இங்கே மூன்று வழிகள் இருக்கின்றன. கிளம்பும் முன் ஒன்றை உறுதி செய்யுங்கள். நடுவழியில் மாற்றுவது கஷ்டம்.

தாழ்ந்த வழி: வடகரையில் காட்டுச் சாலைகள் வழியாக இன்வர்மோரிஸ்டன். சுமை ஏற்றிய கிராவல் சைக்கிளுக்கு நான் சொல்வது இதையே.

உயர்ந்த வழி: மரங்களுக்கு மேலே வெட்டவெளிக்கு ஏறிப் போவது. ஏரி முழுக்கத் தெரியும், காட்சிக்கு ஈடு இல்லை. ஆனால் செங்குத்து, கரடு, காற்றுக்கு மறைப்பே இல்லை. சுமை இல்லாமல், தெளிந்த வானம் இருக்கும் நாளில் மட்டும். மேகம் தாழ்ந்திருக்கும் நாளில் ஏறினால் காட்சியும் இல்லை, உழைப்பு மட்டும் மிச்சம். புதியவர்கள் பலரும் 'இவ்வளவு தூரம் வந்துவிட்டு...' என்று மழையிலும் மேலே ஏறுகிறார்கள். வேண்டாம்.

தென்கரை: தேசிய சைக்கிள் வழி 78. பி862 சாலையில் ஒரு நீண்ட ஏற்றம் ஏறி, ஃபாயர்ஸ், டோர்ஸ் வழியாக இன்வெர்னெஸ். பெரும்பாலும் தார்ச்சாலை. டயர் கிழிந்து ஒட்டுப் போட்டு ஓட்டுகிறீர்கள், அல்லது கூட வருபவருக்குக் கைகள் மரத்துவிட்டன என்றால் இதுதான் சரியான வழி. ஏற்றம் இங்கேயும் உண்டு, ஆனால் ஒரே பெரிய ஏற்றம், தளம் நல்லது.

11. இன்வர்மோரிஸ்டன் – ட்ரம்னட்ராகிட்

இன்வர்மோரிஸ்டனை விட்டு வெளியேறும் ஏற்றம் வளைந்து வளைந்து செங்குத்தாக மேலே போகும். இறங்கித் தள்ளுவதில் வெட்கமே வேண்டாம். சொல்லப்போனால் தள்ளுவதுதான் புத்திசாலித்தனம்; இங்கே முழங்காலைச் சிரமப்படுத்தினால் அன்று முழுவதும் அது வலிக்கும். ஏற்றத்துக்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள், கம்பளிச் சட்டையைக் கழற்றுங்கள். வியர்வையில் நனைந்து மேலே போய்க் காற்றில் நின்றால் நடுங்கும்.

மேலே காட்டுச் சாலை, இடையிடையே குறுகிய, செங்குத்தான இறக்கங்கள். இறக்கத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விடாதீர்கள். திடீர் வளைவோ நடந்து வருபவரோ இருக்கலாம். கிரோட்டைக் அருகே தார்ச்சாலை வந்துவிடும். கால்கள் ஓய்ந்திருக்கும் நேரத்தில் அது பெரிய ஆறுதல். சாலையின் குறுக்கே கால்நடைகள் தாண்டாமல் இருக்க இரும்புக் கம்பிகள் பதித்திருந்தால், பிரேக் பிடிக்காமல், திருப்பாமல், கம்பிகளுக்கு நேர் குறுக்காகக் கடந்துவிடுங்கள். ஈரக் கம்பியில் சாய்வாகப் போனால் சக்கரம் சறுக்கும்.

12. ட்ரம்னட்ராகிட் – இன்வெர்னெஸ்

தொடக்கத்தில் ஏ82 ஓரமாக உள்ள நடைபாதையில் கொஞ்ச தூரம். பிறகு இடது பக்கம் திரும்பிக் காட்டுக்குள் ஏற்றம். நெஸ் ஏரி மட்டத்திலிருந்து ஏறத்தாழ 380 மீட்டர் உயரம் வரை ஏறப்போகிறீர்கள். ஒரே மூச்சில் ஏறப் பார்க்காதீர்கள். இருபது நிமிடம் ஏறி, இரண்டு நிமிடம் நின்று, ஒரு வாய் தண்ணீர். முதல் பகுதிதான் மிகச் செங்குத்து. அப்ரியாகன் காடுகளை எட்டியதும் சாய்வு தளரும். இது தெரியாதவர்கள் முழுக்க இப்படித்தான் இருக்கும் என்று பயந்து திரும்புவதுண்டு.

ப்ளாக்ஃபோல்ட் பக்கம் சிறு தார்ச்சாலை, பிறகு மீண்டும் காடு, அப்புறம் இன்வெர்னெஸை நோக்கி நீண்ட இறக்கம். களைத்த நேரத்தில் வரும் இறக்கம் இது. ஊருக்குப் பக்கம் என்பதால் குழந்தைகளோடும் நாய்களோடும் மக்கள் நடந்து வருவார்கள். இரண்டு விரல் எப்போதும் பிரேக்கின் மேல் இருக்கட்டும். கீழே கால்வாயைக் கடந்து, நெஸ் ஆற்றுத் தீவுகளின் நடைபாலங்கள் வழியாகக் கோட்டையடிக்குப் போய்ச் சேரலாம்.

திரும்பும் ரயிலுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் இடைவெளி வைத்து மூன்றாம் நாளைத் திட்டமிடுங்கள். ஏற்றத்தில் ஒரு பஞ்சர் போதும், ஒரு மணி நேரம் போய்விடும்.

13. பாதையில் பிறரோடு

2003-ன் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் பெரும்பாலான நிலங்களில் பொறுப்போடு நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் கூடாரம் போடவும் உரிமை உண்டு. பொறுப்போடு என்பதுதான் அதன் நிபந்தனை. திறந்திருந்த வாயிற்கதவைத் திறந்தபடியும், மூடியிருந்ததை மூடியபடியும் விட்டுப் போங்கள். ஆட்டைத் தண்ணீருக்கு விடத் திறந்து வைத்திருப்பார்கள். நல்லது செய்வதாக நினைத்து மூடிவிட்டால் ஆடு தவிக்கும். குட்டி போடும் வசந்த காலத்தில் ஆட்டு மந்தை நடுவே வேகமாகப் போக வேண்டாம்.

நடப்பவர்களுக்குப் பின்னால் வரும்போது தூரத்திலேயே ஒருமுறை பெல் அடித்து, வேகம் குறைத்து, ஒரு வார்த்தை பேசிவிட்டுக் கடந்து போங்கள். கூடாரம் வீடுகளிலிருந்தும் சாலையிலிருந்தும் தள்ளி, ஓரிரு இரவு மட்டும். காட்டுக்குள் தீ மூட்ட வேண்டாம்; மட்கிய செடிகளாலான கரிமண் தரையில் நெருப்பு அடியில் புகைந்துகொண்டே இருக்கும்.

14. பூச்சி, உண்ணி, குளிர்

மிட்ஜுக்குக் காற்று ஆகாது. கொஞ்சம் காற்று வீசும் இடத்தில் நிற்பதே முதல் மருந்து. ஓட்டிக்கொண்டிருக்கும்வரை தொல்லை இல்லை. பஞ்சர் ஒட்ட நிற்கும்போதுதான் மொய்க்கும். அதனால் பஞ்சர் ஆனால் மரநிழலில் நிற்காமல், முடிந்தவரை தள்ளிக்கொண்டு வெட்டவெளிக்கு வந்து ஒட்டுங்கள். தலைவலை ஒன்று சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

உண்ணி அதைவிடக் கவனிக்க வேண்டியது. புல்லிலும் பெரணியிலும் இருந்து காலில் ஏறும், லைம் நோயைக் கொண்டுவரலாம். தினமும் இரவு முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். இருந்தால் உண்ணி எடுக்கும் கொக்கியால், நசுக்காமல், தோலை ஒட்டிப் பிடித்து எடுங்கள். எண்ணெயோ தீயோ வைக்காதீர்கள். பின்வரும் வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவந்த வட்டம் பரவினால் மருத்துவரிடம் போய், எங்கே சுற்றினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

ஏரித் தண்ணீர் கோடையிலும் கடுங்குளிர். வியர்த்த உடலோடு திடீரெனக் குதித்தால் மூச்சு திணறும். கரையும் சில அடிகளிலேயே ஆழமாகிவிடும்.

15. நடுவழியில் நின்றுவிட்டால்

உயிருக்கு ஆபத்து என்றால் 999 அல்லது 112. காட்டுக்குள்ளோ மலைமேலோ என்றால் முதலில் காவல்துறையைக் கேளுங்கள். மலை மீட்புக் குழுவை அவர்கள்தான் அழைப்பார்கள். உங்கள் ஃபோன் எண்ணை அவசரக் குறுஞ்செய்திச் சேவையில் முன்கூட்டியே பதிந்து வையுங்கள். பேச முடியாத அளவு சிக்னல் பலவீனமாக இருக்கும் இடத்திலும் ஒரு குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு உண்டு.

சைக்கிள் மட்டும் பழுது என்றால், ஏ82 சாலையில் ஃபோர்ட் வில்லியமுக்கும் இன்வெர்னெஸுக்கும் இடையே பஸ் ஓடுகிறது. ஆனால் சைக்கிளை ஏற்றுவார்கள் என்று எண்ணிக்கொண்டு திட்டம் போடாதீர்கள். வண்டியில் இடம் இருப்பதைப் பொறுத்தது. தங்கியிருக்கும் இடத்தில் சைக்கிளைப் பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் மட்டும் பஸ்ஸில் நகரத்துக்குப் போய்ப் பாகத்தை வாங்கி வருவதே பெரும்பாலும் விரைவான வழி. கழற்றிய பழைய பாகத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். பேட், கியர் கொக்கி இரண்டையும் பெயர் சொல்லி வாங்குவதைவிடக் காட்டி வாங்குவதே சரியாக இருக்கும்.